காற்றைக் கேட்டுவிட்டுக் கிளம்பு!

(பட்டிமன்றத் தலைப்பு: பயணத்தில் பெரிதும் இன்பம் தருவது திட்டமிட்டுப் போவதா? நினைத்தவுடன் கிளம்புவதா? – ‘திட்டமிட்டுப் போவதே’ என்ற அணியின் பேச்சு. இடம்: திண்டுக்கல்)

நடுவர் அவர்களே! எதிரணியில் சூட்கேஸ்கூட எடுத்து வைக்காமல் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! மலைக்கோட்டை அடிவாரத்தில் இந்த மார்கழிக் குளிரிலும் திரண்டிருக்கும் திண்டுக்கல் பெருமக்களே! வீட்டில் குக்கர் விசிலுக்கு ஒரு காதும் எங்கள் பேச்சுக்கு ஒரு காதுமாகத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், சும்மா சொல்லக் கூடாது, வெளுத்துக் கட்டினார். ‘திட்டம் போடுறது ஆபீஸ் வேலைங்க. பயணம்னா பட்டுனு கிளம்பணும். சட்டையை மாட்டு, சாவியை எடு, வண்டியைக் கிளப்பு’ என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

அண்ணே, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. இன்று மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது கதவைப் பூட்டினீர்களா, இல்லையா? பூட்டினேன் என்று தலையாட்டுகிறார். பூட்டிவிட்டு ஒரு தரம் இழுத்துப் பார்த்தீர்களா? அதற்கும் தலையாட்டுகிறார். (சிரிப்பு)

நடுவர் அவர்களே, தீர்ப்பை இங்கேயே எழுதிவிடலாம். பூட்டு என்றால் என்ன? போகிறவன், திரும்பி வருவேன் என்று சொல்லி மாட்டிவிட்டுப் போவதுதானே? அது திட்டமில்லையா? மாங்காய்ப் பூட்டுக்குப் பேர் போன ஊர் இது. 2019-இல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. இந்த ஊர் மேடையில் நின்று திட்டம் வேண்டாம் என்று பேசுகிறார் என்றால், அவருடைய தைரியத்தை மட்டும் நான் பாராட்டுகிறேன். (கைதட்டல்)

இனி என் வீட்டுக் கதை. கதை என்றால் கட்டுக்கதை இல்லை. சாட்சி முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார், என் மனைவி.

நான் பட்டம் வாங்கியவன். ஒன்றல்ல, மூன்று. பி.ஏ., எம்.ஏ., முனைவர். என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் போனில், ‘அப்பா, நானும் ஒரு பட்டம் வாங்கிட்டேன்’ என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் எல்லோருக்கும் சிறுமலைப் பழமும் லட்டும் கொடுத்தேன். தீபாவளிக்கு வந்தான். முதுகில் ஒரு மூட்டை. ‘பட்டம் எங்கடா?’ என்றேன். ‘இதாம்ப்பா’ என்று கூடத்தில் விரித்தான். கூடம் போதவில்லை! நிஜப் பட்டம். காத்தாடி! (பலத்த சிரிப்பு) 12 சதுர மீட்டர். நம்ம மனைக் கணக்கில் சொன்னால் 130 சதுர அடி. என் மனைவி நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘நீங்க வாங்கின பட்டம் சுவத்துல தொங்குது. அவன் வாங்கினது பறக்கவாச்சும் செய்யும்.’

இதற்குப் பெயர் கைட் சர்ஃபிங். பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். காலில் ஒரு பலகை. இடுப்பில் ஒரு பட்டை. அந்தப் பட்டையிலிருந்து இருபது மீட்டருக்கு மேல் நீளும் கயிறுகள். கயிறுகளின் மறுமுனையில் வானத்தில் பட்டம். காற்று பட்டத்தை இழுக்கும். பட்டம் ஆளை இழுக்கும். ஆள் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போவான். தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காமல் மறுபடி எழும்புகிற, காற்றடைத்த பட்டத்துக்கு 1984-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் பிரான்ஸ் நாட்டு லெகென்யூ சகோதரர்கள். அப்போது சிரித்தவர்கள் உண்டு. நாற்பது வருஷம் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அது பதக்க விளையாட்டு.

ஐரோப்பாவில் பனி கொட்ட ஆரம்பித்ததும் இந்தப் பட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. கேம்பர் வேன் என்பார்கள். ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் தெற்கே, தெற்கே என்று ஸ்பெயினின் தென்முனையான தாரிஃபா வரைக்கும் வந்துவிடுவார்கள். அங்கிருந்து வண்டியைக் கப்பலில் ஏற்றி மொராக்கோவுக்கும் போவார்கள். குளிர்காலம் முழுக்கத் தெற்கே. தாரிஃபாவில் கிழக்கிலிருந்து வரும் காற்று லெவான்ட்டே, மேற்கிலிருந்து வருவது பொனியென்ட்டே. அங்கே இரண்டு பெயர். நாம் நான்கு திசைக்கும் பெயர் வைத்தவர்கள். வடக்கே வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. கடலில் காற்றை ஏவல் கொண்டு கப்பல் ஓட்டியவன் வழிவந்தவனே என்று கரிகாலனைப் புறநானூற்றில் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். அந்தப் பரம்பரையில் வந்தவன் என் மகன். (சிரிப்பு) அவனுக்கும் தெற்கே போக ஆசை. திண்டுக்கல்லிலிருந்து தெற்கே என்றால் எங்கே? தனுஷ்கோடி!

அந்த மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, ராத்திரி பத்து மணி. நாலு நண்பர்கள். எதிரணி அண்ணன் சொன்ன அதே பாட்டு. சட்டையை மாட்டு, சாவியை எடு, வண்டியைக் கிளப்பு. கிளம்பிவிட்டார்கள்.

விடியற்காலம் பாம்பனுக்குப் போனால் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறது. மீன்பிடிப் படகெல்லாம் கரையில். இரண்டு நாள் லாட்ஜ் அறையில் சீட்டு விளையாடினார்கள். பட்டம் மூட்டைக்குள், பையன்கள் போர்வைக்குள். மூன்றாம் நாள் வெயில் அடித்தது. தனுஷ்கோடிப் பக்கம் போனார்கள். தார் ரோட்டை விட்டு வண்டியை மணலில் இறக்கினார்கள். சக்கரம் பாதி உள்ளே போய்விட்டது. சரி, அது கிடக்கட்டும் என்று கடலைப் பார்த்தால், ஆகா! தெற்குப் பக்கக் கடல் தட்டு மாதிரி கிடக்கிறது. அலையே இல்லை. நல்ல காற்று. பட்டத்துக்குக் காற்றடித்து, பலகையை எடுத்துக்கொண்டு என் மகன் தண்ணீருக்குப் போகிறான்.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. குனிந்து ஒரு பிடி மணல் அள்ளி, கையை உயர்த்தி, விட்டார்.

‘தம்பி, மண்ணு எந்தப் பக்கம் போகுது?’

‘கடலுக்குங்கய்யா.’

‘நீயும் அங்கதான் போவ. தண்ணி அமைதியா இருக்குன்னுதானே எறங்குற? காத்து தரையிலேருந்து அடிக்குது, அதான் கரையோரம் அமைதியா இருக்கு. அங்கிட்டுப் போனா ஒன்னைத் திருப்பி அனுப்ப ஆள் கிடையாது.’

நடுவர் அவர்களே! அந்தப் பெரியவர் அன்றைக்கு வலை பிரிக்க வராமல் இருந்திருந்தால், நான் இன்று இந்த மேடையில் நகைச்சுவையாகப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன். (அமைதி)

மணலில் மாட்டிய வண்டியைத் தள்ளிவிட்டதும் அந்த மீனவச் சகோதரர்கள்தான். போக வர ஐந்நூறு கிலோமீட்டர். பறந்தது? ஒரு முழம்கூட இல்லை. விஷயம் தெரிந்ததும் நான் திட்டினேன். தமிழ்ப் பேராசிரியன் திட்டினால் எப்படி இருக்கும் தெரியுமா? இலக்கணச் சுத்தமாக இருக்கும். அதனால்தான் அதிகமாக வலிக்கும். அவன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். மாதக்கணக்கில் எங்களுக்குள் தந்தி போஸ்ட் எல்லாம் அவன் அம்மா வழியாகத்தான்.

போன புரட்டாசியில் அவனே கூப்பிட்டான். ‘அப்பா, தை மாசம் பதினஞ்சு நாள் லீவு போடறேன். கேம்பர் வேன் எடுத்துட்டுத் தெக்க போறோம். இந்தத் தடவை திட்டம் போட்டுப் போகணும். நீங்க உக்காந்து பாக்கறீங்களா?’

நான் உட்கார்ந்தேன். நடுவர் அவர்களே, எனக்குக் கைட் தெரியாது, சர்ஃபும் தெரியாது. எனக்குத் தெரிந்தது வள்ளுவர். குறளைச் சொல்லி நேரத்தைக் கடத்தப் போவதில்லை. அதிகாரத் தலைப்பே போதும். 47 தெரிந்துசெயல்வகை. 48 வலியறிதல். 49 காலமறிதல். 50 இடனறிதல். அரசனுக்கு எழுதியது என்பார்கள். என்னைக் கேட்டால், குடும்பத்தோடு வெளியூர் கிளம்புகிற ஒவ்வொருவனுக்கும் எழுதியது.

முதலில் தெரிந்துசெயல்வகை. விசாரித்துக்கொண்டு இறங்கு. வேனை எடுத்துத் தச்சரிடம் விட்டுக் கட்டில் அடித்துக்கொள்ளலாம் என்றான். பதிவுச் சான்றிதழில் ஒன்று இருக்க, வண்டியை வேறாக மாற்றினால் சட்டம் விடாது. கேம்பர் வேனாகவே பதிவான வண்டியை வாடகைக்குப் பேசினோம். ‘ராத்திரி அரிச்சல்முனையிலேயே வேனை நிறுத்திப் படுத்துக்கலாம்’ என்றான். அங்கே இரவு தங்க விடமாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986-இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. இஷ்டத்துக்குப் போய் இறங்க முடியாது. தனுஷ்கோடியைத் தமிழ்நாடு அரசு 2025-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. பறவை கூடியிருக்கும் இடத்தில் பட்டம் விடலாகாது. தலைமன்னார் அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். எல்லைக்கோடு தண்ணீரில் வரைந்திருக்காது. இதையெல்லாம் யாரிடம் கேட்பது? ராமேஸ்வரம் தீவிலேயே கைட் சர்ஃபிங் சொல்லித்தரும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசி நாள் குறித்தோம்.

அடுத்து வலியறிதல். மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்று சொன்னவர் வள்ளுவர். கேம்பர் வேனைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். (சிரிப்பு) நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. கேஸ் சிலிண்டர். நாலு ஆள். பட்டத்திலும் ஒன்று போதாதாம்: மெல்லிய காற்றுக்கு 12 மீட்டர், நடுத்தரத்துக்கு 9, பலத்த காற்றுக்கு 7. ஆள் கனமாக இருந்தால் பட்டமும் பெரிதாக வேண்டும். ‘எனக்கு எத்தனைடா?’ என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். ‘உங்களுக்குப் பாய்மரக் கப்பல்தாம்ப்பா’ என்றான். (பலத்த சிரிப்பு) கனம் எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டினோம். கூட்டி முடித்த பிறகு என் மனைவி வந்தார். பத்துக் கிலோ அரிசி, புளிக்காய்ச்சல், ஒரு தார் வாழைப்பழம், இட்லிக் கொப்பரை. வேன்காரர் சொன்ன எடை தாண்டிவிட்டது. இட்லிக் கொப்பரையா, ஏழு மீட்டர்ப் பட்டமா என்று ஒரு பட்டிமன்றம் நடந்தது. நடுவர் அவர்களே, இரண்டும் போகிறது. என் மகன் தன் துணிமூட்டையைப் பாதியாக்கிக்கொண்டான்.

மூன்றாவது, காலமறிதல். இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. கார்த்திகை, மார்கழியில் வங்கக் கடலில் புயல் உண்டு. மழை ஓய்ந்து, தை பிறந்த பிறகும் வாடைக்காற்று நிற்பதில்லை. பட்டக்காரனுக்கு வேண்டியது அதுதான். வானம் வெளுத்திருக்கும், காற்றும் இருக்கும். ஒரே காற்றுதான், ஒரே கடல்தான். ஒரு மாதம் முன்பின்னானால் விளையாட்டு வினையாகும்.

என் அப்பா திண்டுக்கல்லில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப் பிள்ளை. 1964-இல் கல்யாணமான புதிது. டிசம்பரில் நாலு நாள் லீவு கிடைத்தது. புது மனைவியைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போய், தனுஷ்கோடியில் சேது ஸ்நானம் செய்துவர வேண்டும் என்று ஆசை. எதிரணி அண்ணன் மாதிரிதான். சட்டையை மாட்டிவிட்டார். அப்பத்தா வாசலில் நின்றுகொண்டது. ‘மழைக்காலத்துல கடலுக்குப் போகாத. தை பொறக்கட்டும்டா’ என்றது. அப்பாவுக்குக் கோபம். இரண்டு நாள் அப்பத்தாவோடு பேசவில்லை. ஆனால் போகவில்லை.

1964 டிசம்பர் 22. அன்றிரவு அடித்தது புயல். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலை, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் கொண்டுபோனது. தனுஷ்கோடி என்ற ஊர் அதற்குப் பிறகு ஊராக இல்லை. அப்பா குறித்து வைத்திருந்த லீவு அந்த வாரம்தான். என் பெற்றோர் அந்த ரயிலில்தான் ஏறியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. ஆனால் நான் பிறந்தது அதற்கு ஐந்து வருஷம் கழித்து. ஒரு கிழவி தை பிறக்கட்டும் என்று சொன்னதால் நான் உங்கள் முன்னால் நிற்கிறேன் என்று நினைத்தால், எனக்குத் திட்டம் என்ற சொல் ஆபீஸ் சொல்லாகத் தெரிவதில்லை. (நீண்ட கைதட்டல்)

நான்காவது, இடனறிதல். தேர் கடலில் ஓடாது, கப்பல் தரையில் ஓடாது என்பார் வள்ளுவர். வேன் மணலில் ஓடாது என்பது என் மகன் எழுதிய உரை. தனுஷ்கோடியில் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். அந்த ஊர் மக்கள் வைத்த பெயர். பெண்கடல் சாது, ஆண்கடல் முரடு என்பார்கள். ஆனால் வாடைக்காற்றுக் காலத்தில் தலைகீழ்! பெண்கடல் சீறும், ஆண்கடல் அடங்கிப் படுத்துக்கொள்ளும். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஆண்கடலுக்குக் கொஞ்சம் வீரம் வரும். அந்த ஊரில் அப்படி. எங்கள் வீட்டில் பன்னிரண்டு மாதமும் வாடைக்காற்றுதான். (பலத்த சிரிப்பு) சாட்சி முறைக்கிறார்; மேலே போகிறேன்.

காற்று கரையை ஒட்டியோ, கரையை நோக்கிச் சாய்ந்தோ வீசும் இடத்தில்தான் இறங்க வேண்டும். தரையிலிருந்து கடலுக்கு வீசினால், மீட்புப் படகும் பயிற்சியாளரும் இல்லாமல் காலை நனைக்கக் கூடாது. இதைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் என் மகன் எழுதினான். எப்படி எழுதினான் தெரியுமா? ‘முதலில் ஒரு பிடி மணல்’ என்று எழுதினான்.

எதிரணிச் சகோதரி ஒரு அழகான கேள்வி கேட்டார். ‘பறவை திட்டம் போட்டா பறக்குது?’ அம்மா, பூநாரை ஆடியில் வருகிறதா? மழைக்காலத்தை ஒட்டி, தண்ணீரும் இரையும் இருக்கிற நேரம் பார்த்துத்தானே வந்து இறங்குகிறது? காகிதத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான். தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கிறார்களே, இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா? எந்த ஊரில் தங்கல், எங்கே சாப்பாடு என்பது தலைமுறை தலைமுறையாக வகுத்து வைத்தது. நம் தாத்தாக்கள் கூண்டு வண்டி கட்டிப் போனபோது வைக்கோல், ராந்தல், வண்டிமை, மாற்றுக் கடையாணி எல்லாம் முதல் நாளே ஏறிவிடும். கேம்பர் வேன் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாட்டை அவிழ்த்துவிட்டு எஞ்சினை மாட்டியதுதான் அவன் வேலை! (சிரிப்பு)

‘திட்டம் போட்டா எதிர்பாராத இன்பம் கிடைக்காது’ என்றும் சொன்னார்கள். பதினைந்து நாள் திட்டத்தில் நாங்கள் ஐந்து நாளை வெறுமையாக விட்டிருக்கிறோம். காற்று வராத நாள் வரும். அல்லது தாங்க முடியாத காற்று வரும். அன்றைக்கு வண்டி உத்தரகோசமங்கைக்குப் போகலாம், பேக்கரும்பில் கலாம் ஐயா நினைவிடத்தில் நிற்கலாம், கடற்கரைச் சாலை வழியாகக் கீழக்கரை, சாயல்குடி என்று தூத்துக்குடி வரை ஓடலாம், அங்கிருந்து கன்னியாகுமரிக்கும் போகலாம். ஒன்றும் வேண்டாம், வேனுக்குள் படுத்துத் தூங்கலாம். எதிர்பாராததற்கு இடம் ஒதுக்குவதும் திட்டத்தில் சேர்த்திதான். இடம் ஒதுக்காதவனுக்கு எதிர்பாராதது வந்தால் அதற்குப் பெயர் இன்பம் இல்லை அண்ணே, லாட்ஜில் சீட்டு விளையாட்டு!

மணி அடிக்கப் போகிறார் நடுவர். முடித்துவிடுகிறேன்.

பயணம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. தை பத்தாம் தேதிதான் கிளம்புகிறார்கள். ஆனால் புரட்டாசியிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அந்தப் பயணம் நடந்துகொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன். லீவு கிடைத்தால் நேரில் வந்துவிடுகிறான். மேஜை மேலே படம், பட்டியல், காற்றுக் கணக்கு. என்னோடு பேசாமல் இருந்த பிள்ளை, ‘அப்பா, வாடைன்னா சரியா வடக்கா, வடகிழக்கா?’ என்று கேட்கிறான். இருபத்தெட்டு வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் இலக்கியச் சந்தேகம் அதுதான். (சிரிப்பு, கைதட்டல்) நினைத்தவுடன் கிளம்பியிருந்தால் எனக்கு இது கிடைத்திருக்குமா?

போன வாரம் திட்டம் முழுக்க எழுதி முடித்து, நாலு பக்கம், பெருமையாக என் மனைவியிடம் படித்துக் காட்டினோம். கேட்டார். எல்லாம் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

‘கிளம்புற நாள் எழுதியிருக்கீங்க. எங்க தங்குறது, எங்க பறக்குறது எல்லாம் எழுதியிருக்கீங்க. வீட்டுக்குத் திரும்பி வர்ற தேதி எங்க?’

அப்பாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பதினைந்து நாள் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தோமே தவிர, எழுதவே இல்லை! என் மகன் பேனாவை எடுத்து, அவன் அம்மாவிடமே கொடுத்தான். அவர் எழுதினார்: ‘தை 24, ராத்திரிச் சாப்பாட்டுக்கு.’

நடுவர் அவர்களே! கிளம்புகிறவனுக்குத் திட்டம் பாரமாகத் தெரியலாம். ராத்திரி கதவைச் சாத்தாமல் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அது பாரமில்லை. அவளுக்கும் சேர்த்து இன்பம் தருவதுதான் நல்ல பயணம். ஆகவே, பயணத்தில் பெரிதும் இன்பம் தருவது திட்டமிட்டுப் போவதே, திட்டமிட்டுப் போவதே என்று தீர்ப்பளிக்க வேண்டுமாய்க் கேட்டு, எதிரணி அண்ணன் இன்றிரவு பத்திரமாக மதுரை போய்ச் சேர்ந்து அந்தப் பூட்டைத் திறக்க வாழ்த்தி அமர்கிறேன். சாவி எடுத்துட்டு வந்தீங்கள்ல அண்ணே?



(சிரிப்பு, கைதட்டல்)